கல்மேல் கிடந்த செருப்பு

மூலக்குளம், புதுச்சேரி
16.3.2025

பிரேம்குமாருக்கு,

'அன்புள்ள' என்று தொடங்கக் கை வரவில்லை. பெயரோடு நிறுத்திக்கொள்கிறேன். இங்கே நானும் பிள்ளையும் உயிரோடு இருக்கிறோம். போர்ட் பிளேரில் நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாகத்தான் இருப்பாய்.

உன் நம்பரை என் போனில் பிளாக் செய்து வைத்திருக்கிறேன். ஏன் என்று கேட்டு அம்மாவை நச்சரிக்காதே. போனில் பேசினால் நீ 'அக்கா' என்று இழுத்து அழுவாய், நானும் போகட்டும் என்று விட்டுவிடுவேன். சின்ன வயதிலிருந்து இதையேதான் செய்து தப்பித்திருக்கிறாய். இந்தத் தடவை எனக்கு எழுத்தில் வேண்டும்.

உன் மாமாவுக்குக் காயம் ஆறிவிட்டது. வலது கை முழங்கைக்குக் கீழே இல்லை. மண்டையில் அடிபட்டதில் அந்த ஞாயிற்றுக்கிழமை அவருக்கு மொத்தமாக மறந்துபோய்விட்டது. முதல் நாள் ஈட்டித் துப்பாக்கிக்கு ரப்பர் மாற்றியது ஞாபகம் இருக்கிறது. அதற்கடுத்த ஞாபகம் ஆஸ்பத்திரி மின்விசிறி.

அதனால் நீயும் உன் கூட்டாளி கோபிநாத்தும் சொன்னதுதான் அவருக்கு வேதவாக்கு. பிப்ரவரி இரண்டாம் தேதி விடியற்காலையில் மூன்று பேரும் துறைமுகத்துக் கருங்கல் அணையோரம் மீன் குத்த இறங்கினீர்கள். மூடுபனி பிடித்துக்கொண்டது. போதும் என்று மூன்று பேரும் கரையேறினீர்கள். அவர் மட்டும் பெரிய கலவா மீன் ஒன்றைப் பார்த்தேன் என்று, நீங்கள் தடுத்தும் கேட்காமல், திரும்ப இறங்கினார். மீன்பிடிக்கும் கிருஷ்ணசாமியின் விசைப்படகு முகத்துவாரத்துக்குள் வந்தபோது பனியில் அவர் தலை தெரியாமல் மோதி, இன்ஜின் விசிறி கையை வெட்டிவிட்டது. இதுதானே நீங்கள் சொன்னது?

பதினோரு வருஷமாக இந்த மனிதரோடு குடித்தனம் நடத்துகிறேன். தட்டில் கடைசியாகக் கிடக்கும் மீன் துண்டைக்கூட யாராவது எடுத்துக்கொள்ளட்டும் என்று தொடமாட்டார். அவரா இன்னொரு மீனுக்கு ஆசைப்பட்டு, சொல்பேச்சு கேட்காமல் பனிக்குள் போனார்?

ஐந்து மணியிலிருந்து எட்டு மணிவரை நடந்ததை ஒன்றுவிடாமல் எழுது. அடியில் கையெழுத்துப் போடு.

பூர்ணிமா


போர்ட் பிளேர்
2.4.2025

என் பாசத்துக்குரிய அக்காவுக்குத் தம்பி பிரேம் எழுதிக்கொள்வது. நான் இங்கு ஏதோ இருக்கிறேன். நீயும் மாமாவும் பாப்பாவும் நல்லபடியாக இருக்க அந்தக் கடவுளை வேண்டிக்கொள்கிறேன். அம்மாவுக்குச் சர்க்கரை எப்படி இருக்கிறது? மாத்திரையை ஒழுங்காகப் போடச் சொல்.

ஐஸ் பிளான்ட்டில் வேலை கஷ்டம்தான். நாள் முழுக்கக் குளிரில் நின்றுவிட்டு வெளியே வந்தால் வெயில் மண்டையைப் பிளக்கிறது. என் அறையில் இருக்கும் மற்ற இருவரும் ராமநாதபுரத்துக்காரர்கள், நல்ல மாதிரி. சாம்பாரில் வெல்லம் போடுகிறார்கள், அது ஒன்றுதான் பிடிக்கவில்லை.

அக்கா, அன்றைக்கு நடந்ததைத்தான் போலீசிலும் சொன்னோம். எழுதுவதற்குப் புதிதாக ஒன்றும் இல்லை. பனி ரொம்ப அடர்த்தி. கை நீட்டினால் கை தெரியவில்லை. எல்லாம் நம் நேரம். மாமாவைத் தைரியமாக இருக்கச் சொல். பாப்பாவுக்கு என் முத்தம்.

என்றும் உன்,
பிரேம்


மூலக்குளம்
14.4.2025

பிரேம்குமாருக்கு,

வருஷப் பிறப்பு. வேப்பம்பூ பச்சடி செய்தேன். உன்னைத் திட்டிக்கொண்டே செய்ததால் வேப்பம்பூ கொஞ்சம் கூடிவிட்டது. மற்றபடி எல்லோரும் சௌக்கியம்.

ராமநாதபுரத்துக்காரன் சாம்பாரில் என்ன போடுகிறான் என்று உன்னை யார் கேட்டது? நான் கேட்டது மூன்று மணி நேரத்துக் கணக்கு. நீ கொடுத்தது மூன்று வரி. என்னைப் பார்த்தால் காதில் பூ வைத்துக்கொண்டிருப்பவள் மாதிரி தெரிகிறதா?

சரி, ஒரே ஒரு கேள்வி கேட்கிறேன். அதற்காவது பதில் சொல்.

அன்று பகல் பதினொரு மணிக்கு நீ ஆஸ்பத்திரி வராண்டாவில் வெறுங்காலோடு நின்றாய். குதிகாலில் ரத்தம். அப்போது எனக்கு எதுவும் மண்டையில் ஏறவில்லை. இப்போது ஒவ்வொன்றாக ஏறுகிறது. உன் மாமாவின் பழுப்புத் தோல் செருப்பு அவர் பையோடு என் கைக்கு வந்தது. கோபிநாத் காலில் அவன் செருப்பு இருந்தது. உன் செருப்பு எங்கே?

நீங்கள் செருப்பை எப்படி விடுவீர்கள் என்று எனக்குத் தெரியும். அது அவர் போட்ட சட்டம். மேலே தட்டைக் கல்லில் எல்லாரும் செருப்பை வரிசையாக விட வேண்டும், கரையேறியவன் முதல் வேலையாகத் தன் செருப்பை மாட்டிக்கொள்ள வேண்டும். செருப்பு கிடந்தால் ஆள் தண்ணீரில். எல்லாச் செருப்பும் போகும்வரை யாரும் வீட்டுக்குக் கிளம்பக் கூடாது. கல்யாணமான புதிதில் என்னையும் அங்கே கூட்டிப்போய் அந்தக் கல்லைக் காட்டினார். தாஜ்மகாலைக் காட்டுகிற மாதிரி காட்டினார்.

உன் செருப்பு எங்கே, பிரேமு? அது ஒன்றுக்குப் பதில் எழுது, போதும்.

பூர்ணிமா


போர்ட் பிளேர்
9.5.2025

அன்பு அக்காவுக்கு வணக்கம். உன் கடிதம் கிடைத்தது. நான் நலம். இரண்டு நாள் காய்ச்சல் இருந்தது, இப்போது தேவலை.

இத்துடன் மாமாவுக்கு ஒரு சட்டை அனுப்பியிருக்கிறேன். நல்ல பருத்தி, முழுக்கை. அளவு சரியாக இருக்கும் என்று நினைக்கிறேன். பாப்பாவுக்குச் சிப்பிகள் கோத்த மாலை. உனக்கு எது பிடிக்கும் என்று தெரியாமல் ஒன்றும் வாங்கவில்லை, கோபித்துக்கொள்ளாதே.

இங்கே மழை தொடங்கப்போகிறது என்கிறார்கள். கடல் கறுத்திருக்கிறது. நான் கடல் பக்கமே போவதில்லை.

பிரேம்


மூலக்குளம்
20.5.2025

பிரேம்குமாருக்கு,

உன் காய்ச்சல் விட்டதில் சந்தோஷம். எங்கள் நலத்தைக் கீழே எழுதுகிறேன், படித்துக்கொள்.

அந்தச் சட்டையில் எட்டுப் பட்டன். நீ ஒரு கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு எட்டையும் போட்டுப் பார். உன் மாமா போட்டுப் பார்த்தார். மச்சான் ஆசையாக அனுப்பியது என்று, நான் வேண்டாம் என்றும் கேட்காமல், அரை மணி நேரம் இடது கையால் மல்லுக்கட்டினார். நாலாவது பட்டனில் வேர்த்து உட்கார்ந்துவிட்டு என்னிடம் மன்னிப்புக் கேட்டார்.

என்னிடம்தான். அதுதான் இந்த வீட்டில் இப்போது நடக்கிறது. காலையில் பல்பொடி டப்பாவை நான் திறந்து கொடுத்தால் மன்னிப்பு. நம்மூர் மேட்டுப்பாளையம் கம்பெனியில் அவரை லேத் வேலையிலிருந்து எடுத்து கேட் காவலுக்கு உட்கார வைத்துவிட்டார்கள், அதற்கு ஒரு மன்னிப்பு. கேட்டில் வண்டி நம்பரை இடது கையால் எழுதப் பழக வேண்டும் என்று பிள்ளையின் இரட்டைக் கோடு நோட்டை வாங்கி 'அ' போடுகிறார். கோடு தாண்டிப் போனால் பிள்ளையிடமும் மன்னிப்பு. போன வாரம் அவளிடம், "அப்பா ஒரு மீனுக்குப் பேராசப்பட்டேன் கண்ணு, அதான் சாமி கைய எடுத்துக்கிச்சி" என்றார். எட்டு வயதுப் பிள்ளையிடம். அடுப்படியில் கேட்டுக்கொண்டிருந்தேன்.

கை போனதைக்கூட நான் பொறுத்துக்கொள்வேன். செய்யாத ஒன்றுக்காக அந்த மனிதர் தினம் தினம் குறுகிப்போவதைப் பொறுக்க மாட்டேன். அவர் செய்யவில்லை என்று எனக்குத் தெரியும். நிரூபிக்க வழியில்லை. உன்னிடம் இருக்கிறது.

செருப்பைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை நீ. வாயில் என்ன, கொழுக்கட்டையா?

கோபிநாத் என்னைக் கண்டால் தெருவைத் தாண்டி அந்தப் பக்கம் போகிறான்.

பூர்ணிமா


போர்ட் பிளேர்
3.7.2025

அக்காவுக்கு,

எல்லாரும் சுகம்தானே. பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. வேலை அதிகம்.

அக்கா, நீ ஏன் இதையே பிடித்துக்கொண்டு தொங்குகிறாய்? மாமாவே ஒத்துக்கொண்டுவிட்டார். அவர் மனசை ஆற்றிக்கொண்டு வாழப் பார்க்கிறார். நீதான் கிளறுகிறாய். நடந்தது நடந்துவிட்டது. இனி கை முளைக்கப் போகிறதா? எனக்கும் தினம் சோறு இறங்குவதில்லை. என்னையும் கொஞ்சம் நினைத்துப் பார்.

பிரேம்


மூலக்குளம்
12.7.2025

பிரேம்குமாருக்கு,

மாமாவே ஒத்துக்கொண்டுவிட்டாரா? எதை ஒத்துக்கொண்டார்? ஞாபகமே இல்லாத மனிதரின் வாயில் நீங்கள் இரண்டு பேரும் திணித்ததை அவர் விழுங்கினார். அதற்குப் பெயர் ஒத்துக்கொள்வதா? உன் கடிதத்தைப் படித்துவிட்டு அம்மி முன்னால் உட்கார்ந்து வேண்டியதைப் போல இரண்டு மடங்கு மிளகாய் அரைத்தேன்.

என்னால் முடிந்தவரை நிதானமாக எழுதுகிறேன், கவனமாகப் படி. கிருஷ்ணசாமி அன்றிலிருந்து கடலுக்குப் போகவில்லை. படகைக் கட்டிப்போட்டுவிட்டு மீன் இறக்கும் கூலிக்குப் போகிறான். உன் மாமாவின் ரத்தம் கலந்த தண்ணீரில் குதித்து அவரைத் தூக்கியவன் அவன்தான். அவனுக்கு இருபத்தாறு வயது. உன்னைவிடச் சின்னவன். தன் பேராசையால் ஒரு பையன் பிழைப்பு போய்விட்டது என்று இவர் புலம்புகிறார். ஆடி மூன்றாம் வெள்ளி அவர்கள் குப்பத்துக் கோயிலில் கூழ் ஊற்றுகிறார்கள். ஊர் கூடியிருக்கும்போது கிருஷ்ணசாமி காலில் விழுந்து, தப்பு என்னுடையது என்று சொல்லப்போகிறாராம். முடிவு செய்துவிட்டார். நான் கத்தியும் பார்த்துவிட்டேன், அழுதும் பார்த்துவிட்டேன்.

ஆகஸ்ட் ஒன்றாம் தேதி. அதற்குள் உன் கடிதம் வந்தால் அவரைத் தடுத்துவிடலாம். ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்புகிறேன். நீயும் அப்படியே அனுப்பு. உனக்கு ஒரு வாரம் இருக்கிறது எழுதுவதற்கு.

அக்கா என்று கூப்பிட்டாயே இத்தனை வருஷம், அதற்காகவாவது.

பூர்ணிமா


மூலக்குளம்
5.8.2025

பிரேம்குமாருக்கு,

நலம் விசாரிக்கப் போவதில்லை.

போஸ்ட் ஆபீசில் நம்பரைப் போட்டுப் பார்த்தேன். ஜூலை 19ஆம் தேதி உன் கையில் கொடுத்திருக்கிறார்கள். ஒன்றாம் தேதி காலைவரை தபால்காரருக்காக வாசலில் நின்றேன்.

அவர் விழுந்தார். தெரிந்துகொள். நூறு இருநூறு பேர் கூழ் வாங்கத் தூக்குவாளியும் கையுமாக நிற்க, நடுவில் போய் முட்டி போட்டார். ஒரு கையை ஊன்றினால் உடம்பு நிற்காது என்பதை மறந்துவிட்டார், பக்கவாட்டில் சாய்ந்து முகம் மண்ணில் இடித்தது. யாரோ சிரித்தார்கள். நான் ஓடிப்போய்த் தூக்கினேன். மீசையில் மண்.

கிருஷ்ணசாமி பதறி அவர் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதான். அழுதுகொண்டே அவன் சொன்னதை அவன் வார்த்தையிலேயே எழுதுகிறேன். "நீங்க எதுக்குண்ணா என் கால்ல விழறீங்க? நீங்க பிரேமு பிரேமுன்னு கத்திக்கினு இருந்தீங்க. அந்தச் சத்தம் கேட்டுதான் நான் இன்ஜின ஆப் பண்ணேன். ஒரு நிமிசம் முந்திக் கேட்டிருந்தா கை போயிருக்காது."

உன் மாமா என்னைப் பார்த்தார். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. இத்தனை மாதம் இதை ஏன் சொல்லவில்லை என்று கிருஷ்ணசாமியைக் கேட்டேன். கரையில் இருக்கும் ஆளை உதவிக்குக் கூப்பிடுகிறார் என்று நினைத்தானாம். யாரும் அவனைக் கேட்கவும் இல்லை.

மீன் குத்தப் போனவன் மச்சான் பெயரைச் சொல்லியா கத்துவான்?

அன்று மாலையே துறைமுகத்து ரோட்டுக்குப் போனேன். அணைக்கு எதிரே டீக்கடை வைத்திருக்கும் அஞ்சலாட்சியிடம் பேசினேன். பிப்ரவரி இரண்டாம் தேதியை அவள் மறக்கவில்லை. யார் வந்தார்கள், எத்தனை டீ குடித்தார்கள், காலில் என்ன இருந்தது, எல்லாம் சொன்னாள். அதை நான் இங்கே எழுதப்போவதில்லை. உன் மாமாவிடமும் சொல்லவில்லை. என் வாயால் கேட்டால் பெண்டாட்டி தனக்காகக் கட்டிய கதை என்று நினைப்பார். நீ எழுது. இது கடைசிக் கடிதம். இதற்கும் பதில் வராவிட்டால் எனக்குத் தம்பி இல்லை, பிள்ளைக்கு மாமா இல்லை. அம்மாவிடமும் சொல்லிவிட்டேன்.

பூர்ணிமா


போர்ட் பிளேர்
24.8.2025

அக்கா,

எழுதுகிறேன். நான்கு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன்.

ஐந்தரைக்கு இறங்கினோம். நானும் மாமாவும் ஒரு ஜோடி. ஒருத்தர் முங்கினால் மற்றவர் மிதவையைப் பிடித்துக்கொண்டு மேலேயே இருக்க வேண்டும். கோபிநாத் அணையை ஒட்டித் தனியாகக் குத்திக்கொண்டிருந்தான். ஏழு மணி வாக்கில் பனி இறங்கியது. மாமா முங்கியிருந்தார். நான் மிதவையோடு இருந்தேன். கரை எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. எங்கேயோ படகுச் சத்தம் கேட்டது. எனக்குப் பயம் வந்துவிட்டது அக்கா. மாமா மேலே வருவதற்குள் மிதவையை விட்டுவிட்டு நீந்திக் கரையேறிவிட்டேன். அவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

கல்லில் ஏறினேன். என் செருப்பை மாட்டும்போது வார் அறுந்துவிட்டது. உடம்பு உதறியது, சூடாக ஏதாவது குடிக்க வேண்டும் போல இருந்தது. ரோட்டுவரை முழுக்கச் சரளைக்கல். மாமா செருப்பை மாட்டிக்கொண்டு அஞ்சலாட்சி கடைக்குப் போனேன். அறுந்த என் செருப்பை வரிசையிலேயே விட்டுவிட்டேன். கையில் எடுத்துக்கொண்டு போக வேண்டும் என்று தோன்றவே இல்லை. பயந்து ஓடிவந்ததை மாமாவிடம் எப்படிச் சொல்வது என்பதே மனதில் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு டீ குடித்தேன்.

மாமா என்னைத் தண்ணீரில் காணாமல் கரைக்கு வந்திருக்கிறார். கோபிநாத் அப்போதுதான் ஏறியிருக்கிறான். "பிரேமு வந்துட்டானா?" என்று கேட்டாராம். இவன் பார்க்கவில்லை என்றான். மாமா கல்லைப் பார்த்தார். அவர் செருப்பு இல்லை, என் செருப்பு கிடந்தது. "செருப்பு கெடக்குதுடா, உள்ளதான் இருக்கான்" என்று சொல்லிவிட்டு உடனே திரும்ப இறங்கிவிட்டாராம். தன் செருப்பு எங்கே போனது என்றுகூட யோசிக்கவில்லை.

நான் திரும்பி வரும்போது படகுக்காரன் அலறிக்கொண்டிருந்தான். கோபிநாத் என் காலைப் பார்த்தான். அவருடைய செருப்பைக் கழற்றிக் கல்லில் வைத்தேன். என்னுடையதைக் கடலில் எறிந்தேன். கலவா கதையைச் சொன்னது நான்தான். கோபிநாத் என்னைக் காப்பாற்றத் தலையாட்டினான். மாமா பிழைக்க மாட்டார் என்று நினைத்தேன். பிழைத்து, எதுவும் ஞாபகம் இல்லை என்றபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதி கெட்டுவிடக் கூடாது என்றுதான் இங்கே ஓடிவந்தேன்.

ஜூலைக் கடிதம் கிடைத்தது. பிரித்தேன், படித்தேன். எழுதவில்லை.

மாமா மீனுக்காக இறங்கவில்லை. என்னைத் தேடி இறங்கினார். இது சத்தியம்.

கி. பிரேம்குமார்


மூலக்குளம்
20.9.2025

பிரேமு,

உன் கடிதம் வந்தது. நாங்கள் இருக்கிறோம்.

அதை அவர் கையிலேயே கொடுத்தேன். கூடத்தில் உட்கார்ந்து இரண்டு தடவை படித்தார். பிறகு என்னிடம் கேட்டது ஒன்றுதான். "அப்ப நான் மீனுக்காகப் போகலியா?"

இல்லை என்றேன். இன்னொரு தடவை கேட்டார். இல்லை என்றேன்.

திடீரென்று எழுந்து முற்றத்தில் இருந்த தண்ணீர் வாளியை ஓர் உதை விட்டார் பார், அது போய்ச் சுவரில் மோதிப் பிளந்துவிட்டது. உன்னை ஒரு கெட்ட வார்த்தை சொன்னார். பதினோரு வருஷத்தில் அவர் வாயில் நான் கேட்காத வார்த்தை. பிள்ளை பயந்து என் பின்னால் ஒளிந்தாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வெட்கமில்லாமல் எழுதுகிறேன், அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

அன்றே அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு கிருஷ்ணசாமி வீட்டுக்குப் போனார். வழியில் கோபிநாத் வீட்டு வாசலில் நின்று, தெருவே கேட்க அதைப் படித்துக் காட்டினார். கோபிநாத் வெளியே வரவில்லை.

இப்போது வீட்டில் மன்னிப்பு இல்லை. நேற்று ரசத்தில் உப்பு இல்லை என்று என்மேல் எரிந்து விழுந்தார். நானும் பதிலுக்குக் கத்தினேன்.

உன்மேல் எனக்குக் கோபம் தீரவில்லை. பயந்து ஓடியதற்காக இல்லை. பனியில் யாருக்கும் பயம் வரும். அவர் மண்ணில் சாய்ந்தாரே, அது நடக்கப்போகிறது என்று தெரிந்தும் பன்னிரண்டு நாள் என் கடிதத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாயே, அதற்கு. அது எப்போது தீரும் என்று எனக்கே தெரியாது. நம்பர் இன்னும் பிளாக்கில்தான் இருக்கிறது.

அவர் ஏதோ எழுதி வைத்திருக்கிறார். பிள்ளையின் நோட்டில் கிழித்தது. நான் ஒரு எழுத்தும் திருத்தவில்லை. இத்துடன் வைத்திருக்கிறேன்.

அக்கா

மாப்ள,

இது இடது கை. எழுத்து கோணல். பொறுத்துப் படி.

அன்னிக்கி நடந்தது எனக்கு இன்னும் ஞாபகம் வரல. ஆனா உன் செருப்பு கெடந்தா நான் எறங்கித்தான் இருப்பேன். அது நான்தான். ஏழு மாசமா வேற எவனோ ஒருத்தனா என்னை வச்சிருந்த.

பொங்கலுக்கு வா. கிருஷ்ணசாமி கிட்டயும் பாப்பா கிட்டயும் நீயே உன் வாயால சொல்லணும்.

வந்தா அடிப்பேன். ஓடாத.

தெய்வசிகாமணி